செவ்வாய் தோஷமும் ஜாலிதானா?

"ஜோசியமா? அதெல்லாம் சும்மா ஒரு ஜாலிக்கு சார்!" தொலைக்காட்சி விவாதங்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் பல வருஷமாகத் தேயாமல் ஓடிக்கொண்டிருக்கும் வசனம் இது. சொல்பவர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவராக இருப்பார். நம்புவதாக ஒப்புக்கொள்ள வெட்கம், விட்டுத்தொலைக்கவும் பயம். இரண்டுக்கும் நடுவில் வாகாக அகப்பட்ட சொல்தான் ஜாலி.

சினிமாவும் ஜாலிதான். படத்தில் கதாநாயகியின் கல்யாணம் நின்றுபோனதற்காகப் பார்த்தவர் யாரும் தம் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்தியதில்லை. இந்த வாதத்துக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது, "அதுவும் ஒரு கணக்குதானே, முன்னோர்கள் என்ன முட்டாள்களா" என்பது. கணக்கென்றால் விடை ஒன்றாக இருக்க வேண்டும். சனி கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போவது 2025 மார்ச் 29 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளும் திருநள்ளாறு கோயிலோ, அன்று பெயர்ச்சியே கிடையாது, 2026இல்தான் என்று அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில் மேஷ ராசிக்காரருக்கு ஏழரை தொடங்கியதா இல்லையா என்பது சனி பகவானுக்கே வெளிச்சம்.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் அவரது குழுவினரும் மகாராஷ்டிரத்தில் ஜோதிடர்களுக்கு ஒரு தேர்வே வைத்துப் பார்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இருவகை ஜாதகங்கள். ஆளுக்கு 40 கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால்கூட 50 வந்திருக்கும்.

சரி, பலிக்காவிட்டால் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். தரகரின் நோட்டைக் கொஞ்சம் வாங்கிப் புரட்டச் சொல்ல வேண்டும். பெண்ணின் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் எழுதி, ஓரத்தில் 'செ.தோ.' என்று இரண்டெழுத்து. அதற்குமேல் அந்தப் பக்கத்தைப் படிப்பவர் குறைவு. 'சுத்த ஜாதகம்' தேடும் வீட்டார் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்தத் தோஷத்தின் கணக்கைப் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து வீடு! லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஆக, எந்த நாளை எடுத்தாலும் சுமார் பத்து மணி நேரத்துக்குப் பிறக்கிற குழந்தைகள் எல்லாம் செவ்வாய் தோஷக்காரர்கள். ஒரே பிரசவ வார்டில் முதல் கட்டில் குழந்தைக்குத் தோஷம், சற்று நேரம் கழித்துப் பிறந்த அடுத்த கட்டில் குழந்தைக்கு இல்லை. லக்னம் மட்டும் போதாது, சந்திரனுக்கும் சுக்கிரனுக்கும் பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. அவர்கள் கணக்குப்படி தப்புகிறவர்கள் ஐந்தில் ஒருவர் தேறினால் அதிகம். ஊரில் முக்கால்வாசிப் பேரைத் தோஷக்காரராக்கினால் தொழில் நடக்காதே! உடனே விலக்குகள் வரும்: சொந்த வீடு, உச்ச வீடு, குரு பார்வை. ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கடும் தோஷம் என்பார், அடுத்த தெருக்காரர் நிவர்த்தி என்பார். வாழைமரத்துக்குத் தாலி கட்டும் பரிகாரமும் கைவசம் இருக்கிறது. 'மன ஆறுதல் தருகிறதே' என்பவர்கள், அந்த மனத்தை முதலில் கலக்கியது யார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மூல நட்சத்திரத்தில் பெண் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது. அதே நட்சத்திரத்து ஆண் அரசாள்வான். கிரகங்களுக்கும் நம்மூர்ப் பழக்கம்தான்.

கல்யாணப் பேச்சோடு நின்றாலும் பரவாயில்லை. கல்யாணம் செய்துகொள்வதாக ஏமாற்றிப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒருவர், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம், அதனால்தான் கட்டவில்லை என்றார். ஜாமீன் மனுவை விசாரித்த அலகாபாத் உயர் நீதிமன்றம், 2023 மே மாதம், அந்தப் பெண்ணுக்குத் தோஷம் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி லக்னோ பல்கலைக்கழக ஜோதிடத் துறைத் தலைவரிடம் கேட்டது. ஜூன் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை விதித்தது. நல்ல காரியம். ஆனால் பல்கலைக்கழகங்களில் ஜோதிடப் படிப்பைத் தொடங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் கிளம்பியபோது, விஞ்ஞானி பி.எம். பார்கவா அதை எதிர்த்து வழக்காடினார். அந்த வழக்கை 2004இல் தள்ளுபடி செய்ததும் இதே உச்ச நீதிமன்றம்தான்.