சிரித்தோம், புத்தி வந்ததா?

ஒருவன் நமக்குப் புத்தி சொன்னால் அவனைக் கல்லாலடிப்பது பழைய காலத்து வழக்கம். இப்பொழுது நாம் நாகரிகமடைந்து விட்டபடியால், கைதட்டிச் சிரித்துவிட்டு எழுந்துபோய்ப் பழைய காரியத்தையே செய்கிறோம். இதற்கு நடிகர் விவேக்கின் வாழ்வையும் சாவையும் விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

விவேக் 1961-ல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னைத் தலைமைச் செயலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். டைரக்டர் பாலசந்தர் கண்ணில் பட்டு, 1987-ல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் தலைகாட்டினார். ஜாதித் திமிர், சகுனம், லஞ்சம், போலிச் சாமியார் ஆகிய இவற்றைக் கேலி செய்ததால் 'சின்னக் கலைவாணர்' என்ற பெயர் வந்தது. அசல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தைத் திருப்பிப் போட்டுக் 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினாரே, அந்தப் பரம்பரை என்று அர்த்தம். 2009-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்துல் கலாமின் சொல்லைக் கேட்டு லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டார். அவர் செய்ததெல்லாம் தங்கமென்று நான் சொல்ல வரவில்லை. பெண்களின் நிறத்தையும் உடம்பையும் வைத்துச் செய்த கேலிகள் அவருக்குப் பெருமையல்ல.

2006-க்குப் பின் சர்க்கார் இலவசமாகக் கொடுத்த கலர் டெலிவிஷன் எங்கள் ஜவ்வாது மலைக்கும் ஏறி வந்தது. அதிலிருந்து விவேக்கும் வீட்டு மனிதரானார். காவலூர்ப் பாதையிலே ஒரு தேநீர்க் கடை. அந்தக் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்து நட்சத்திரத்தை ஆராய்கிறார்கள். கடையிலோ டெலிவிஷனில் விவேக், வண்டியை ஓட்டுவது இயந்திரமா எலுமிச்சம்பழமா என்று கேட்கிறார். கடை முழுவதும் சிரிப்பு. சிரித்தவர்களின் வண்டிகள் வாசலில் நிற்கின்றன. ஒன்று பாக்கியில்லாமல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன!

நிற்க. 2021 ஏப்ரல் 15-ந் தேதி, ஜனங்களின் பயத்தைப் போக்க வேண்டுமென்றே விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், பத்திரிகைக்காரர்கள் பார்க்கக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ந் தேதி விடியற்காலம் இறந்தார். இருதயத்துக்குப் போகும் முக்கியமான இரத்தக்குழாய் முழுதும் அடைபட்டிருந்தது என்று வைத்தியர்கள் அன்றே சொன்னார்கள். அந்தக் குழாயில் கொழுப்புப் படிவது ஒரே இரவில் நடக்கிற காரியமா? ஆண்டுக்கணக்கில் நடப்பது. தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் கமிட்டியும் விசாரித்து, அவர் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று அக்டோபரில் முடிவு சொன்னது. அக்டோபர் வரை யார் காத்திருந்தார்கள்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று அன்று மாலைக்குள்ளேயே செல்போன் வழியாக ஊர் ஊராகப் பரப்பிவிட்டார்கள். பரப்பியவர்கள் எழுத்து வாசனையற்ற மலைவாசிகளல்ல. கீழே பட்டணத்தில் பட்டம் வாங்கிய மகானுபாவர்கள்!

தன் வாழ்நாளெல்லாம் மூடநம்பிக்கையைக் கேலி செய்தவனின் பிணத்தையே ஒரு புதிய மூடநம்பிக்கைக்கு அஸ்திவாரமாக்கிய அக்கிரமத்தை என்னவென்பது? அம்மை குத்த வந்தவர்களை, மாரியம்மாள் கோபித்துக் கொள்வாள் என்று நம் பாட்டன்மார் விரட்டினார்கள். பெரியம்மை ஒழிந்ததென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஒழித்தது ஊசியா, கூழா?

என் அத்தான் ஊசி போட்டுக்கொள்ள மறுத்தார். நான் மூன்று முறை நடந்து போய்ச் சொன்னேன். "விவேக்குக்கே அந்தக் கதி, மச்சான், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்தும் அவர் பிழைக்கவில்லை, எனக்கு ஏதாவது ஆனால் டோலி கட்டியல்லவா தூக்க வேண்டும்?" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ரோடு போடாதவர்கள் ஊசிக்கு மாத்திரம் வழிதேடி வந்தால் மலையாளி ஜனங்கள் சந்தேகிப்பதில் ஆச்சரியமில்லை. அந்தச் சந்தேகம் நியாயம். அதற்குத் தீனி போட்ட புளுகுதான் அயோக்கியத்தனம். ஜூன் மாதத்தில் அத்தானுக்கு மூச்சுத் திணறியது. டோலியில்தான் இறக்கினோம். ஊசி போட்டிருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பிழைக்க வழி அதிகமிருந்திருக்கும் என்பதை மறுப்பவர் எவராயினும் என்னோடு வாதத்துக்கு வரலாம்.

சென்ற மாதம் அதே கடையில் மறுபடியும் விவேக்கின் கேலி ஓடிற்று. அத்தான் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். வெளியே வந்து அவன் புது வண்டியைப் பார்த்தேன். "இது என்னடா?" என்றேன். "அம்மா கட்டினது, மாமா" என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போய்விட்டான்.