மம்மட்டி பிடித்த பட்டாளம்

எங்க பக்கத்துல இப்போ சுவருக்குச் சுவர் ‘ஆண்ட பரம்பரை’தான். வாளும் சிங்கமும் போட்ட பேனர்கள். அதைப் பார்த்து வயிறெரிந்த நம்ம பையன் ஒருத்தன் வந்தான்.

“அண்ணே, நாமளும் வீரப் பரம்பரைதானே? சுபேதார் சுப்பிரமணியன் படத்தப் போட்டு ஒரு பேனர் அடிப்போம். அவரு நம்மாளுதானே?”

அவர் என்ன சாதி என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. எந்தப் படையில் நின்றார் என்பதுதான் தேவை. காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். துப்பாக்கியும் உண்டு, மம்மட்டியும் உண்டு. காலாட்படை நடக்குமுன் போய்ப் பாதை போடுகிற, பாலம் கட்டுகிற, கண்ணிவெடி தோண்டுகிற கூட்டம். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞானோ அருகே வெடி அகற்றும்போது கூட இருந்த சிப்பாய் ஒன்றை மிதித்துவிட்டான். வெடிக்கச் சில நொடிதான். சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். விக்டோரியா கிராஸுக்குச் சமமானதுதான்; ஆனால் விக்டோரியா கிராஸ் எதிரிக்கு நேர் நின்றவனுக்காம். எதிரி புதைத்த வெடிமேல் விழுந்தவன் யாருக்கு நேர் நின்றான்?

சாப்பர் படையின் முதுகெலும்பே பறையர்கள்தான். மதராஸ் காலாட்படையிலும் கணிசமாக இருந்தவர்கள். 1881இல் மதராஸ் படைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியப் படைக்கும் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் செத்துவிட்டது என்றார். காலாட் பட்டாளங்கள் குறைந்தன. சாப்பரும் பயோனியரும் தப்பின, மண் வெட்ட ஆள் வேண்டுமே! பயோனியரையும் 1933இல் கலைத்தார்கள். மராட்டியத்து மகர்களுக்கும் இதே கதைதான். 1892இல் கதவடைப்பு. 1917இல் ஆள் பஞ்சம் வந்ததும் 111ஆம் மகர் படை, 1921இல் கலைப்பு. 1941இல் மறுபடியும் ‘வாங்கப்பா’.

‘வீரப் பரம்பரை’ என்பது நம்மை வெளியே தள்ளக் கண்டுபிடித்த கணக்கு. வெள்ளைக்காரன் எழுதிய வருணாசிரமம். அந்தப் பட்டியல்ல போயி இடம் கேக்கணுமா தம்பி?

என் தாத்தாவும் அந்தப் போரில் சாப்பர். பதக்கம் கிதக்கம் ஏதும் இல்ல. பர்மாவுல பாலம் கட்டுனதச் சொல்லுவாரு. பட்டாளத்து பூட்ஸோட திரும்பி வந்தவரு, ஊர்த்தெரு முனையில அதக் கழட்டி கக்கத்துல வெச்சிகினு நடந்தாராம். “வெள்ளக்காரன் மாட்டிவுட்டான், ஊர்க்காரன் கழட்டிட்டான்” என்பார், சிரிச்சிகினே. எனக்கு அந்தச் சிரிப்பு இன்றுவரை பிடிபடவில்லை. அப்புறம் முப்பது வருசம் மரக்காணம் உப்பளத்துப் பாத்தியில வெறுங்காலோட நின்னாரு. கால் புண் ஆறவேயில்ல. அவருக்குப் பின்னால இறங்குன எங்க ஆயாவுக்கும் ஆறல. அவங்க ரெண்டு பேரையும் எந்தப் பேனர்ல சேர்ப்பது?

பையன் விடுவதாயில்லை. “அப்போ பேனரே வேணாமா?”

“போடு. வாள் வரையாத, மம்மட்டி வரைஞ்சி போடு. கூடவே ஒரு மனு. உப்பளத்துல எறங்குற ஆம்பள, பொம்பள எல்லாருக்கும் மொழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் குடுக்கணும்னு எழுது. மொதக் கையெழுத்து நீ.”

யோசிச்சிகினு இருக்கான். பேனருக்கு அளவு மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான்.