கை நீட்டியவரின் முகம் நமக்குச் சொந்தமில்லை



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மழை நிவாரணத்துக்குப் பணம் சேரத் தொடங்கியிருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அரிசி விலையை விசாரிக்கும் முன்பே ஒருவர் பேனர் விலையை விசாரித்திருக்கிறார். "கொடுக்கும்போது நல்லா போட்டோ எடுக்கணும்" என்கிறார் இன்னொருவர். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் டிசம்பர் 2 அன்று தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் புகுந்தது. அதுவரை யாரிடமும் கை நீட்டாதவர்கள் சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

நிவாரண வண்டிகள் வந்தன. வந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் சில வண்டிகளில் அரிசி மூட்டைக்கு முன்னால் கேமரா இறங்கியது. ஒரு போர்வையை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்கும் பாட்டி, "இங்க பாரும்மா" என்றதும் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

என்னிடம் படித்த ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. நனைந்த உடையோடு பிஸ்கட் பாக்கெட் வாங்கும் அவள் படம் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. வகுப்பில் கிண்டல். இரண்டு வாரம் பள்ளிக்கே போகவில்லை. வீட்டுக்குள் வந்த தண்ணீர் நான்கு நாளில் வடிந்துவிட்டது. படம் இன்னும் வடியவில்லை.

"அவங்க சம்மதிச்சுத்தானே நின்னாங்க?" என்பீர்கள். பசியோடு கை நீட்டி நிற்பவர் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்? சொன்னால் பொட்டலம் கிடைக்காதோ என்ற பயம் இருக்கும்போது அதற்குப் பெயர் சம்மதமா?

இது கிழவன் ஒருவனின் முணுமுணுப்பு இல்லை. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் பேரிடர் உதவிக்கு வகுத்த நடத்தை நெறியில் பத்து விதிகள் உண்டு. தேவையை மட்டும் பார்த்து உதவு என்பது அதில் ஒன்று. பாதிக்கப்பட்டவர்களை விளம்பரத்தில்கூட மானமுள்ள மனிதர்களாகவே காட்டு என்பது பத்தாவது.

2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பைகளில் அன்றைய முதல்வர் படத்தை ஒட்டியபோது எவ்வளவு கேலி செய்தோம்! நம் குழு பேனரைப் பிடித்தால் மட்டும் அது புனிதமாகிவிடுமா?

இன்னொரு கேடும் உண்டு. படம் எடுக்க வசதியான இடத்தில்தான் வண்டி நிற்கிறது. விழுப்புரம், திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரத்து ஊருக்கு மூன்று முறை ரொட்டி கிடைக்கும். ஏரிக்கரைக்கு அப்பால் இருளர் குடியிருப்புக்கு ஒன்றும் போகாது. அரசு அறிவித்த 2000 ரூபாயும் ரேஷன் அட்டைக்குத்தான். அட்டை இல்லாத குடும்பம் என்ன செய்யும்? அவர்களைத் தேடிப் போவதுதானே நம் வேலை?

"பணம் கொடுத்தவங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" நியாயமான கேள்வி. காட்டுங்கள். கடை ரசீதைப் படம் எடுங்கள். வண்டியில் ஏற்றிய மூட்டைகளைப் படம் எடுங்கள். எந்த ஊருக்கு எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்தோம் என்று எழுதி, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக் கணக்கைக் குழுவிலேயே போடுங்கள். இதைவிட நல்ல கணக்கு எது? அழுத முகம் எந்தச் செலவுக்கும் ரசீது ஆகாது.

ஆகவே என் பங்கு பத்தாயிரம் ரூபாய் தயார். நிபந்தனை மூன்றுதான். பேனர் கிடையாது. வாங்குபவர் முகம் எந்தப் படத்திலும் வரக்கூடாது. முதல் வண்டி சாலையை விட்டு உள்ளே இருக்கும் குடியிருப்புக்குப் போக வேண்டும், போகும் முன் அங்கே ஒருவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். பழைய துணி மூட்டை கட்டவே வேண்டாம்.

சம்மதம் என்றால் குழுவில் சொல்லுங்கள், இன்றே அனுப்புகிறேன். இல்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள், பேசுவோம். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்