பட்டறையிலிருந்து கரும்பலகைக்கு

தொழிற்கூடத்தை விட்டு ஆசிரியப் பணிக்கு வருபவனைக் கண்டால் நம்மவர் இரண்டு விதமாகப் பேசுவர். "அப்பாடா, இனிக் கையில் எண்ணெய் படாது" என்று வாழ்த்துவோர் ஒரு சாரார். "பாவம், கை தளர்ந்துவிட்டது போலும்" என்று இரங்குவோர் மற்றொரு சாரார். சித்தூரில் ஒரு பட்டறையில் ஏழாண்டுகள் லேத்தின் அருகே நின்றுவிட்டு, திருப்பதியில் மாணவர்க்கு அத்தொழிலைக் கற்பிக்க வந்த நான் இரண்டையும் கேட்டிருக்கிறேன். இரண்டும் பிழை என்பது என் துணிபு. கற்பித்தல் தொழிலினின்று பெறும் ஓய்வன்று. அதுவே வேறொரு தொழில்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டுவரை சித்தூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் உள்ள திருக்காளத்தியை எண்ணிப் பாருங்கள். அங்கே துணியில் எழுதும் கலங்காரி ஓவியம் சென்ற நூற்றாண்டின் நடுவில் அநேகமாக அணைந்துவிடும் நிலையில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயர் அவர்களின் முயற்சியால், 1952-இல் தோன்றிய அகில இந்தியக் கைவினை வாரியம் 1950-களின் பிற்பகுதியில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் அமைத்தது. கற்பிக்க யாரை அமர்த்தினார்கள்? பட்டம் பெற்றவரையா? இல்லை, அத்தொழிலிலேயே ஊறிய ஜொன்னலகட்டா லட்சுமய்யா என்பவரை! அவர் மைந்தர் குரப்ப செட்டியார் 2008-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருக்காளத்தியில் இன்றும் கலம் பிடிக்கும் கைகள் இருக்கின்றன.

அத்தொழிலைச் சொல்லிக் கொடுப்பது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்த வேண்டும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானையில் ஊறவைத்துக் கருநீர் எடுக்க வேண்டும். கம்பளியோ துணியோ சுற்றிய மூங்கிற் குச்சியால் அதைத் தொட்டுக் கோடிழுத்தால், கடுக்காய்ச் சாரத்தோடு சேர்ந்து கறுப்பு பிறக்கும். சிவப்போ இன்னும் விந்தை. சிவப்பு வேண்டிய இடத்தில் படிக்கார நீரைத் தீட்டுகிறார்கள். அதற்கு நிறமே இல்லை எனலாம். பின்பு சாயவேர் போன்றவற்றோடு கொதிக்கவைக்கும்போதுதான், படிக்காரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவ்வளவு தீட்டுவது? கருநீர் பக்குவமாயிற்று என்பதை எப்படி அறிவது? கைக்குத் தெரியும். ஆனால் எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாதே! தன் கை எதைச் செய்கிறதென்று அப்போதுதான் தொழிலாளி தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. எனக்கும் அதே பாடுதான். லேத்தில் உளியின் ஓசை மாறினால் கை தானே பின்வாங்கும். அந்த ஓசை எத்தகையது என்று மாணவன் கேட்டபோது விடை சொல்ல ஒரு வாரம் பிடித்தது.

ஆகவே, தொழில் தெரிந்தவரெல்லாம் ஆசிரியர் ஆகிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஜெர்மனியில் கைத்தொழிலில் 'மைஸ்டர்' என்னும் தகுதி பெற நான்கு பகுதிகளாகத் தேர்வு வைக்கிறார்கள். அவற்றுள் ஒன்று பழகுநர்க்குக் கற்பிக்கும் முறை பற்றியது. அவர்கள் கெட்டிக்காரர்கள்.

நம் நாட்டு நிலை என்ன? பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். இயந்திரத்தின் அருகே நின்ற ஆண்டுகளைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ஒரு வாயிலைத் திறந்தது. பதினைந்தாண்டுப் பட்டறிவுடைய வல்லுநரை, பட்டம் இன்றியமையாததெனக் கொள்ளாமல், 'தொழில்முறைப் பேராசிரியர்' ஆக அமர்த்தலாம் என்றது. நல்ல செய்திதான். ஆனால் அத்தகையோர் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக் கூடாது. நீட்டிப்பும் சேர்த்து நான்காண்டுக்கு மேல் இருக்கவும் கூடாது. பொறியியல் படிப்பே நான்காண்டு! ஓர் அணி மாணவரைக் கரையேற்றிவிட்டு, கற்பிக்கும் வித்தை கைவரும் வேளையில் அவர் மூட்டை கட்ட வேண்டும். விருந்தாளியாக வருபவர் எந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பார்? லட்சுமய்யாவை நான்காண்டோடு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்.

அந்த வரம்பை நீக்க வேண்டும். கற்பிக்க வருபவருக்குச் சில மாதம் கற்பிக்கும் முறையில் பயிற்சி தர வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் அவர் தம் பட்டறைக்குப் போய்வர இடம் வேண்டும். இல்லையேல் கை உண்மையிலேயே தளர்ந்துவிடும்.

இவையெல்லாம் டில்லியில் முடிவாக வேண்டியவை. நம் மன்றத்தார் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஆண்டு விழாவுக்குச் சொற்பொழிவாளரையே அழைக்கிறோம். இவ்வாண்டு திருக்காளத்தியிலிருந்து ஒரு கலங்காரி ஆசிரியரை அழைப்போம். அவர் தெலுங்கில் பேசட்டுமே! மொழிபெயர்த்துச் சொல்லச் சித்தூர்ப் பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.