கட்டளைகளைத் தாளில் எழுதினால் மட்டும் போதுமா?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் எங்களுக்கு உபவலையமைப்பைக் கணிக்கத் தெரியும். எஸ்.கியூ.எல். கூற்றுகளையும் பிழையின்றி எழுதுவோம். ஆனால் எல்லாம் தாளில்தான். வீட்டில் இணையம் நின்றால் ரவுட்டரை அணைத்துப் போடுவதோடு எங்கள் அறிவு முடிந்துவிடுகிறது. இது போதாது என்பதே என் கருத்து.

இணையம் நின்றால், கட்டளைத் திரையில் முதலில் ரவுட்டரின் முகவரிக்கு 'பிங்' செய்து பாருங்கள். பதில் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். பதில் வந்தால், அடுத்து வெளியே 8.8.8.8 என்ற முகவரிக்கு. பிறகு ஓர் இணையத்தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து, பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். சேவையில்தான் சிக்கல். மனப்பாடம் செய்த பாடம் அப்போதுதான் விளங்கும்.

தரவுத்தளமும் அப்படித்தான். 'டிலீட்' கூற்றில் 'வெயார்' பகுதியை விட்டால் வினாத்தாளில் புள்ளி குறையும். உண்மையான தரவுத்தளத்தில் அட்டவணையின் அத்தனை பதிவுகளும் அழியும். 'பிகின்' என்று தொடங்கி, அழிந்த வரிகளை எண்ணிப் பார்த்த பின்பே 'கமிட்' கொடுக்க வேண்டும்; பிழையென்றால் 'ரோல்பெக்'. இந்த நிதானம் கை பழகினால்தான் வரும்.

2023இல் எமது அரசின் மேகக் கணிமைச் சேவையை ரென்சம்வெயார் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை. பிறருடைய தரவு நம்மிடமுள்ள அமானிதம். காப்புப் பிரதி எடுப்பதோடு, அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்றும் பார்ப்பதே அதைப் பேணும் வழி.

"பிள்ளைகள் கைவைத்தால் கணினி பழுதாகும்" என்பார்கள். மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸையும் மைஎஸ்கியூஎல்லையும் இலவசமாக நிறுவலாம். உடைந்தால் அழித்துவிட்டு மீண்டும் உருவாக்கலாம். "சேர்வர் வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்றும் கேட்பார்கள். எஸ்.எஸ்.எச். வழியாக வீட்டு மேசையிலிருந்தே தூரத்துச் சேர்வரை நிர்வகிக்கலாம். அதற்கு வேண்டியது பொறுமையும் கவனமுமே. அவை ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

ஆகவே எமது கல்லூரியிடம் ஒரு வேண்டுகோள்: ஆய்வுகூடத்தில் ஒரு பழைய கணினியையும் வாரத்தில் ஒரு பாடவேளையையும் எங்களுக்குத் தாருங்கள். உடைக்கவும், உடைத்ததைத் திருத்தவும்.