பழைய சாவியை வண்டி மறக்க வேண்டும்

கார் சாவியைத் தொலைத்தவர்கள் முதலில் கேட்பது, “புதுச் சாவிக்கு எவ்வளவு ஆகும்?” என்றுதான். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. தொலைந்த சாவி வேறு யார் கையிலாவது கிடைத்தால், அவரால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட முடியுமா?

சமீபத்தில் என் தங்கை குடும்பம் திருச்செந்தூர் போயிருந்தது. கடலில் குளித்துக் கரையேறியபோது மாப்பிள்ளையின் இடுப்பு மடிப்பில் இருந்த சாவியைக் காணோம். பக்கத்துக் கடைக்காரர் சாவி போடுகிற பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கதவத் தொறந்து குடுத்துருதேன் அண்ணாச்சி, சாவியும் வெட்டிக் குடுத்துரலாம். ஆனா வண்டி ஸ்டார்ட் ஆவாது. உள்ள சிப்பு இருக்குல்லா” என்றாராம். வாங்குகிற காசுக்கு எது நடக்கும், எது நடக்காது என்று முன்கூட்டியே சொன்ன அந்த நேர்மைக்கு என் வணக்கம். மதுரை வீட்டிலிருந்து இரண்டாவது சாவியை உறவுக்காரப் பையன் பஸ்ஸில் கொண்டுவந்து கொடுக்க, எல்லாரும் ஊர் திரும்பினார்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன சிப்பு, சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கிறது. அரிசி மணியைவிடச் சற்றே பெரியது, பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. வண்டி ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிப் தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை அனுப்பும். விடை சரியாக இருந்தால்தான் இன்ஜின் இயங்கும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனாலும் அதை பட்டன் அருகே பிடித்து வண்டியைக் கிளப்ப முடிவது இதனால்தான்.

ஆரம்பத்தில் இது இத்தனை சாமர்த்தியமாக இல்லை. 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கொர்வெட் காரின் சாவியில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பதித்தது. மொத்தமே 15 அளவுகள்தான். பதினைந்தையும் கையில் வைத்திருந்து பொறுமையாக முயன்றால் வண்டி கிளம்பிவிடும். ரகசியக் கணக்குப் போடும் சிப்கள் பிறகு வந்தன. 1998 முதல் ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. அமெரிக்கா அப்படிக் கட்டாயமாக்கவில்லை. அங்கே 2011-க்குப் பிறகு விற்ற கியா, ஹூண்டாய் மாடல்கள் பலவற்றில் அது இல்லாமல் போனது. யூஎஸ்பி வயரின் முனையை வைத்தே அவற்றைக் கிளப்பலாம் என்று 2021, 2022-ல் வீடியோக்கள் பரவ, மில்வாக்கி போன்ற நகரங்களில் சிறுவர்கள்கூடக் கார் திருடத் தொடங்கினார்கள். அந்தச் சின்னச் சிப் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சிப்பின் பலம், எந்தெந்தச் சாவி தன்னுடையது என்று வண்டி நினைவில் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கிறது. புதுச் சாவி என்றால் உலோகத்தை வெட்டுவது மட்டுமல்ல, அந்தப் பட்டியலில் அதைச் சேர்க்கவும் வேண்டும். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பதைப் போலத்தான் இது. பெயர் சேர்க்க அலைகிற நாம், நீக்க வேண்டிய பெயரை அப்படியே விட்டுவிடுகிறோம். பட்டியலில் இருந்து நீக்காதவரை, தொலைந்த சாவியும் செல்லுபடியாகும் சாவிதான். நீக்கிவிட்டால் அது கதவைத் திறக்கலாம், இன்ஜினைக் கிளப்பாது.

திருடர்களும் இந்தப் பட்டியலில்தான் கை வைக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிற ஓபிடி சாக்கெட் இருக்கிறதல்லவா? அதில் ஒரு கருவியை மாட்டி, தாங்கள் கொண்டுவந்த வெற்றுச் சாவியைச் சேர்த்துவிட்டு வண்டியை ஓட்டிப் போகிற கும்பல்கள் டெல்லிப் பக்கம் அவ்வப்போது பிடிபடுகின்றன. பட்டன் ஸ்டார்ட் கார்களைப் பட்டியலைத் தொடாமலே எடுக்கும் வழியும் உண்டு. ஒருவன் வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அருகே ஒரு கருவியோடு நிற்பான். இன்னொருவன் காரின் அருகே நிற்பான். சிக்னலை இருவரும் கைமாற்றிவிட, சாவி பக்கத்திலேயே இருப்பதாக வண்டி நம்பிவிடும். சூரிச்சிலுள்ள ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்கள் சாவியை வாசல் ஆணியில் மாட்டாமல் உள்ளறையில் ஒரு தகர டப்பாவில் வைப்பது நல்லது.

இவற்றையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும். பல நிறுவனங்களின் கார்களில் இருந்த மெகாமோஸ் என்ற சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் 2013-ல் அதை வெளியிடவிடாமல், ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை 2015-ல்தான் வெளிவந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் வண்டியின் சொந்தக்காரர்தான் தன் பூட்டு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருந்தார். ஆபத்தைச் சுமப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உண்டு.

நம் ஊர் நடைமுறைக்கு வருகிறேன். சாவி தொலைந்தால் அன்றே போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பின்னால் வண்டியே திருடுபோனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று எங்கே என்பதற்கு உங்களிடம் தேதி போட்ட பதில் இருக்க வேண்டும். சாவி தொலைந்தால் செலவைத் தரும் கூடுதல் காப்பீடு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வீஸ் சென்டருக்கு ஆர்சி, அடையாள அட்டை, புகார் நகல் மூன்றையும் கொண்டுபோங்கள். வண்டி வாங்கியபோது சாவியோடு எண் பொறித்த சின்ன உலோகத் தகடு ஒன்று தந்திருப்பார்கள். சாவி வெட்ட அந்த எண் உதவும். அதைச் சாவிக்கொத்திலேயே தொங்கவிடாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு சாவி கையில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிடுங்கள். இரண்டும் போய்விட்டால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். போகும்போது இருக்கிற சாவிகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பல கார்களில் பழைய பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு, கையில் உள்ளவற்றைப் புதிதாகப் பதிவார்கள். பழைய கார் வாங்குகிறவர்களும் இதைச் செய்துகொள்வது நல்லது. முந்தைய உரிமையாளரிடமோ அவருடைய டிரைவரிடமோ எத்தனை சாவி இருக்கிறது என்பது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

சர்வீஸ் சென்டர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சாவி வேலை முடிந்ததும் பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: “இந்த வண்டியில் இப்போது பதிவாகியுள்ள சாவிகள் இத்தனை, தொலைந்த சாவி நீக்கப்பட்டது.” பெரும்பாலான கார்களில் அந்த எண்ணிக்கையை உங்கள் ஸ்கேனரே காட்டும். தாமாக எழுதித் தராத இடத்தில் வாடிக்கையாளர்களே கேட்டு வாங்குங்கள். அந்த வரி இல்லாமல் பணத்தைக் கட்டிவிட்டு வராதீர்கள்.