ஏரிக்கும் பூட்டா?

வெள்ளி என்றால் கொலுசு நினைவுக்கு வரும். குங்குமச் சிமிழ் நினைவுக்கு வரும். காலுறையில் வெள்ளி என்றால் நகைப்பீர்கள். நகைக்க வேண்டாம்; இருக்கிறது! ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அப்படிச் சில பத்துக் கூறு பருமனே உள்ள வெள்ளித் துகள்களை, வியர்வை நாற்றம் அண்டாதிருக்கத் துணியில் ஏற்றி விற்கின்றனர். 2008இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் அத்தகைய காலுறைகளை நீரில் அலசிப் பார்த்தனர். சிலவற்றிலிருந்து வெள்ளி நீரில் இறங்கக் கண்டனர்.

இறங்கிய வெள்ளி எங்கே போகும்? சாக்கடைக்கு, பின் ஆற்றுக்கும் ஏரிக்கும்.

நன்னீர் மீனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அதன் குருதியில் உப்பு உண்டு. சுற்றியுள்ள நீரிலோ உப்பு மிக அற்பம். உடலிலிருந்து ஓயாது கசியும் உப்பை, நீரிலிருந்து ஓயாது இழுத்து ஈடுகட்டுகின்றன செவுள்கள். துகளிலிருந்து கரைந்து பிரியும் வெள்ளி அயனியோ, செவுளில் சோடியத்தை இறைக்கும் நொதியையே முடக்கிவிடுகிறது. ஏற்றம் நின்ற வயல் என்னாகும்? குருதியில் உப்பு வற்றி மீன் மாள்கிறது.

"அதெல்லாம் கண்ணாடித் தொட்டிக் கதை, ஏரியில் மக்கும் கந்தகமும் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும்" என்பர் வணிகர். முற்றிலும் பொய்யன்று அந்த வாதம். ஆகவேதான் ஏரியிலேயே சோதிக்க வேண்டும்!

சோதிக்க இடம் இருந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து வடமேற்கில், 1968 முதல், 58 சிற்றேரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கியிருந்தனர். 1973இல் ஓர் ஏரியைத் திரைகட்டி இரண்டாக்கி, ஒரு பாதியில் மட்டும் பாசுபரசும் சேர்த்தனர். அந்தப் பாதி பாசி பிடித்துப் பச்சையாயிற்று. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், பக்கம் பக்கமாய் எழுதிய சோப்பு முதலாளிகளின் மறுப்பை வாயடைக்கச் செய்தது!

அத்தகைய ஏரிகளுக்குத்தான் 2012இல் கனடாவின் கூட்டாட்சி அரசு பூட்டுப்போட முனைந்தது. காரணம்? சிக்கனமாம்! ஆண்டுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் டாலர் மிச்சமாம்! ஒரு நாட்டின் கருவூலத்தில் அது எந்த மூலைக்கு? துகளை விற்பவனுக்குத் தடை இல்லை. துகள் என்ன செய்யும் என்று பார்ப்பவனுக்குப் பூட்டு. அறிவியலார் ஒட்டாவாவின் தெருவில் இறங்கி, 'சான்றின் மரணம்' என்று சவ ஊர்வலமே நடத்தினர். ஆய்வுக்கூடத்தை விட்டு வீதிக்கு வந்து பழகாதவர்கள். அவர்களையும் வரவழைத்தது அந்த அரசு! பின்னர் மாகாண அரசு கைகொடுத்தது. 2014இல் தனி நிறுவனமொன்று பொறுப்பேற்றது. ஏரி பிழைத்தது.

பிழைத்ததால் என்ன தெரிந்தது? 2014, 2015 ஆகிய இரு கோடைகளிலும் 222ஆம் எண் ஏரியில் ஏறத்தாழ 15 கிலோ வெள்ளித் துகள் கலந்தனர். மீன்கள் கூட்டமாய்ச் செத்து மிதக்கவில்லை. அப்படி மிதந்திருந்தால் பத்திரிகைகள் கூவியிருக்கும்! மஞ்சள் பெர்ச் மீனின் ஈரலில் வெள்ளி சேர்ந்தது, இரை உண்பது குறைந்தது, எண்ணிக்கையும் சரிந்தது. பெர்ச்சைத் தின்னும் பைக் மீனின் ஈரலிலும் வெள்ளி ஏறியது. ஓசையின்றி நடந்த தேய்வு இது. தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்தால் தெரியக்கூடியதா, சொல்லுங்கள்?

கழிவுநீர் நிலையங்கள் வெள்ளியின் பெரும்பகுதியைச் சேற்றில் தடுத்துவிடும் என்பதும் மெய்யே. நிலையமே இல்லாமல் சாக்கடை நேரே ஆற்றில் விழும் ஊர்கள்? அவற்றை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

எனவே நாம் கேட்பது பெரிதொன்றும் இல்லை. துகளை விற்கும் முன், நீரில் அதன் போக்கைச் சோதிக்கும் செலவை விற்பவரே ஏற்கட்டும். சோதனையைப் பொதுநிறுவனம் நடத்தட்டும். முடிவைப் பூட்டிவைக்காமல் அச்சிடட்டும். காலுறைக் கட்டின்மேல் 'நாற்றமடிக்காது' என்று கொட்டை எழுத்தில் பொறிக்கிறவர்கள், உள்ளே வெள்ளி இருப்பதைப் பொடி எழுத்திலாவது பொறிக்கட்டுமே!